கற்பூரத்தை அணைத்த கண்ணாடிக் குண்டு

மில்லுக்குள் எப்போதும் பஞ்சு பறந்துகொண்டிருக்கும். மேல் ஜன்னல் வெயிலில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது, அப்படியே நிற்கும். அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் நான் பிட்டராக இருந்தேன். என் மனைவி அங்கேயே ரீலிங் பிரிவில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் வேலை பார்த்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முதல்முறையாக முழுகாமல் இருந்தாள், ஏழாம் மாதம். தலையெல்லாம் பஞ்சு படிய அவள் மெல்ல நடந்துபோவதைப் பார்த்தால், முழித்துக்கொண்டே கனவு காண்கிறேனோ என்று தோன்றும். ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றுவிடுவேன்.

மோட்டார் சுவிட்சுகள் சுவரோரம் இரும்புப் பெட்டிகளுக்குள் இருந்தன. பஞ்சுத் தூசி எந்தச் சந்திலும் நுழையும், ஒரு பொறி போதும். ஒரு பெட்டி எரிந்து கதவே கறுத்துப்போன பிறகு, மானேஜர் மெட்ராஸிலிருந்து கண்ணாடிக் குண்டுகளை வரவழைத்தார். தேங்காய் அளவுக் குண்டு, உள்ளே தண்ணீர்போல ஒரு மருந்து. பக்கத்தில் ஒரு வில் கம்பி, அதை ஈயப் பற்று வைத்த சிறு தகடு பிடித்திருக்கும். சூடு ஏறினால் ஈயம் இளகும், வில் அடிக்கும், குண்டு உடைந்து மருந்து தீயின்மேல் கொட்டும்.

மாட்டும் வேலை என்னுடையது. என் வேலையில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

“எங்கிட்டாச்சும் ஒரு ஆணியடிச்சுத் தொங்கவிடப்பு. இதுக்கு இம்புட்டு நேரமா?” என்றார் மேஸ்திரி.

“தீ வந்து ஆணியத் தேடாது” என்றேன் வெடுக்கென்று.

சுவிட்சுக்கு நேர் மேலே மாட்ட வேண்டும். மருந்தின் ஆவி வெளியே ஓடாதபடி வயர் நுழையும் ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஈயத்தில் பெயின்ட் படக் கூடாது. கதவு சாத்தியே இருக்க வேண்டும். குண்டுகளோடு வந்த இங்கிலீஷ் தாளை ஆபீஸ் கிளார்க் வரிவரியாகச் சொல்ல, நான் தமிழில் எழுதி வைத்திருந்தேன். குண்டு உடைந்தால் அந்த ஆவி ஆளுக்கு ஆகாது, மயக்கும், உடனே வெளிக்காற்றுக்குப் போய்விட வேண்டும் என்பது கடைசி வரி. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் பயப்படுவார்கள், மேஸ்திரி சிரிப்பார், நான் பார்த்த வேலைக்கு மதிப்பில்லாமல் போகும் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜையன்று மில் ஓடவில்லை. அத்தனை பெரிய கட்டடம் சத்தமில்லாமல் கிடந்தது, சம்பங்கி வாசனை. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். சுவிட்சுப் பெட்டிகளையும் திறந்து பொட்டு வைத்து, குண்டுகளுக்குக்கூடப் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி காட்டினால் நல்லது என்று ரீலிங் பெண்கள் கற்பூரத் தட்டை என் மனைவி கையில் கொடுத்தார்கள். அவள் தட்டைப் பெட்டிக்குள் நீட்டி உயர்த்தினாள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அவள் முகத்தில் ஆடியது. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஈயம் என் நினைவுக்கே வரவில்லை.

டப்பென்று உடைந்தது. மருந்து தட்டில் கொட்டி, கற்பூரம் அணைந்தது. ஒரு தித்திப்பு நெடி. அவள் லேசாகச் சிரித்தபடி சரிந்தாள். தூக்கிக்கொண்டு வெளியே வேப்ப மரத்தடிக்கு ஓடினேன். “பஞ்செல்லாம் மேல போகுது, பாருங்க” என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. செத்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“சாமிக்குக் காட்டுன கற்பூரம் அணைஞ்சிருச்சே. இது சாமி குத்தம்” என்றாள் ஒருத்தி. எல்லாரும் அதையே சொன்னார்கள். பழி சாமி குத்தத்தின்மேல் போனது எனக்கு வசதியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்றாள். வந்து பார்த்த மருத்துவச்சி, பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிப் போய்விட்டாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. ஜன்னல் வழியே மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்தபடி, “நான் எந்தச் சாமிக்கு என்ன கொற வச்சேன்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அசையட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நான் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. அவள் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஓர் உதை, மறுபடி இன்னொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தாளில் இருந்த அந்தக் கடைசி வரியைச் சொன்னேன்.

அவள் என் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

“மூணு நாளா என்னைய நானே வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். நீங்க பக்கத்துல படுத்துத் தூங்குனீங்க.”

தூங்கியது உண்மைதான்.

தை மாதம் பெண் பிறந்தது, நல்லபடியாக. அதற்கெல்லாம் முன்பே, நான் சொன்னதற்கு மறுநாள் காலை ஷிப்டு தொடங்குமுன், அவள் ரீலிங் பெண்களையும் மேஸ்திரியையும் பெட்டிகளுக்கு முன்னால் கூட்டிவிட்டாள். நான் தமிழில் எழுதிய தாளை என் கையில் கொடுத்தாள். முதலிலிருந்து படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

“சத்தமாப் படிங்க” என்றாள். “பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல.”