பிதுக்கம்பருப்பும் முப்பத்தொரு கிராம் உப்பும்

ஐரின் அளந்து சமைத்தவள் இல்லை. மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே பெர்னார்டைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு கான்வென்ட் ஹாஸ்டல் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டுவிட்டு வந்து, வீட்டில் மூன்று பேருக்கு மறுபடி உலை வைப்பாள். அண்டாவோ சட்டியோ, உப்பு கையால்தான். கொதிக்கும் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். போதவில்லையென்றால் இன்னொரு சிட்டிகை.

ஆகஸ்டில் தொண்டையில் புற்று என்றார்கள். முப்பது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். அதன்பிறகு அவளுக்குக் கஞ்சியும் காபியும் மட்டும்தான் இறங்கின. ஆனாலும் அடுப்பை விடவில்லை.

மகள் ஆஞ்சலாவுக்குப் பீன்யாவில் வேலை. தராசுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கம்பெனி. அம்மா போய்விடுவாள் என்று தெரிந்ததும், அக்டோபரிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு சின்னத் தராசை வீட்டுக்கு எடுத்து வந்தாள். உப்பு டப்பாவைச் சமையலுக்கு முன்பும் பின்பும் நிறுப்பாள். வித்தியாசத்தை எழுதிக்கொள்வாள்.

“என்னாடி இது, நகைக்கடையா வெச்சிருக்கே?”

“நானும் ஆக்கணும்ல. ஒழுங்கா எழுதிக்கிறேன்மா.”

“எழுதிக்கோ. நாளைக்குப் புருஷன் வந்தா நோட்டைக் கொதிக்கவெச்சு ஊத்து.”

பதினோரு சமையல் எழுதி முடித்தாள். கடைசியாக எழுதியது, டிசம்பரில், பிதுக்கம்பருப்புக் குழம்பு. அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் மூன்று பேரும் உட்கார்ந்து தோலைப் பிதுக்கி எடுத்தார்கள். பருப்பு அரைக் கிலோ. எலும்பு கால் கிலோ. தேங்காய், கசகசா, தனியா. உப்பு முப்பத்தொரு கிராம். சாப்பிடும்போது உப்பு தூக்கலாகத்தான் தெரிந்தது. கேன்டீன் சாப்பாட்டில் தன் நாக்கு கெட்டுவிட்டது என்று ஆஞ்சலா நினைத்தாள். அம்மாவின் கை தப்பாது.

ஜனவரி எட்டாம் தேதி ஐரின் இறந்தாள்.

அடக்கத்துக்குப் பிறகு பெர்னார்ட் சோறு தொடவில்லை. காலையும் மாலையும் ஒரு பன், டீயில் தொட்டு. எழுபது கிலோ இருந்தவர் அறுபத்து மூன்றுக்கு வந்துவிட்டார். முப்பதாம் நாள் பூசையன்று அவரைச் சாப்பிடவைத்துவிட வேண்டும் என்று ஆஞ்சலா பிதுக்கம்பருப்பு வைத்தாள். நோட்டில் இருந்தபடி, கிராம் பிசகாமல்.

கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். ஐரினின் தம்பி ஓஸ்வால்ட் கேஜிஎஃப்பிலிருந்து வந்திருந்தார். முதல் வாயிலேயே தண்ணீரை எடுத்தார்.

“என்னா பாப்பா, மூட்டையோட உள்ள விட்டுட்டியா?”

“அம்மா அளவுதான் மாமா.”

“எங்கக்கா உப்பு எனக்குத் தெரியாதா? அவ வெச்சா இப்டியா இருக்கும்?”

பெர்னார்ட் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

“சும்மா சாப்புடு மச்சான். கடைசியில இப்டித்தான் வெச்சா.”

ஆஞ்சலா கரண்டியைக் கீழே வைத்தாள். “கடைசியிலன்னா?”

“கரண்ட் வெச்சதுல நாக்கு செத்துப்போச்சு அவளுக்கு. ஒரு நாள் காபில சக்கரைன்னு உப்பைப் போட்டுக்கிட்டா. முழு டம்ளரும் குடிச்சா. மொகம் மாறல.”

“ஏன்பா சொல்லல?”

“சொன்னா கிச்சன் பக்கமே வரமாட்டா. அப்புறம் கட்டில்ல படுத்துக்கிட்டு என்னா பண்ணுவா? அதான் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னேன்.”

“உங்களுக்கு பிபி. டிசம்பர்ல கால் வீங்குச்சே, அது இதுலயா?”

“அது கெடக்கு, விடு.”

ஓஸ்வால்ட் தட்டில் இருந்ததை முழுதும் சாப்பிட்டார்.

நோட்டில் இருந்த பதினொன்றும் கரண்ட் வைத்ததற்குப் பிந்தியவை. எல்லாத் தராசையும் சோதிக்கத் தெரிந்தவள், அம்மாவின் நாக்கைச் சோதிக்கவில்லை. தன் நாக்கு சரியாகச் சொன்னபோது அதை நம்பவில்லை.

மறுநாள் காலையிலேயே அல்சூர் மார்க்கெட் போனாள். சீசன் முடிந்துவிட்டது. ஒரே ஒரு கூடையில் முற்றல் அவரை கிடந்தது. அரைக் கிலோ பருப்பு தேறும் அளவுக்கு வாங்கினாள். ஊறவைத்து, அடுத்த நாள் தனியாக உட்கார்ந்து பிதுக்கினாள். நகக்கண் வலித்தது.

அப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பத்து கிராம் உப்பில் ஆரம்பித்து, இரண்டிரண்டாகக் கூட்டினாள். ஒவ்வொரு முறையும் அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு, தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு.

பதினெட்டில் அவள் கை நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் சாப்பிட்ட குழம்பு இதுதான். சந்தேகமில்லை.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் பெர்னார்ட்.

“இதான்பா. நல்லாப் பாருங்க.”

நக்கிப் பார்த்தார். “இல்லம்மா. பத்தல. உங்கம்மா இப்டி வெக்கமாட்டா.”

அவருடைய கணுக்கால் மறுபடி வீங்கியிருந்தது. முந்தாநாள் சாப்பிட்ட இரண்டு தட்டு. விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. எழுந்து அடுப்பை அணைத்தாள். உப்பு டப்பாவை எடுத்துத் தன் ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். உப்பு டப்பா வழக்கமாக இருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து, “நல்லாத்தாம்மா இருக்கு,” என்றார்.

நோட்டில் முப்பத்தொன்றை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் பதினெட்டு என்று எழுதினாள். மற்ற பத்துப் பக்கங்களை அன்றைக்குத் திருப்பவில்லை.

சாயங்காலம் பெர்னார்ட் வாசற்படியில் உட்கார்ந்து பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.