திருகாணி மேல் வைத்த பொட்டு

புனேக்குப் பக்கத்தில், தேஹு ரோடு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் யார் வண்டி மக்கர் பண்ணினாலும் விஸ்வேஸ்வரனைத்தான் கூப்பிடுவார்கள். ஆர்ட்னன்ஸ் டிப்போவில் ராணுவ லாரிகளுக்கு வயரிங் பார்த்தே தலை நரைத்து ரிட்டையர் ஆனவர். "விளக்கு மங்கினா முதல்ல எர்த்தைப் பாருங்கோ, பாக்கியெல்லாம் அப்புறம்" என்பது அங்கே அவருடைய தாரக மந்திரம். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் சொந்தப் பழைய ஃபியட்டின் இடது இண்டிகேட்டரோடு நாலைந்து நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான், வேறென்ன?

மறுநாள் காலை வண்டிக்குப் பாஸிங். அரதப் பழசான வண்டி என்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.வில் காட்டி, ஓட்டலாம் என்று சான்று வாங்க வேண்டும். புனேயில் அதற்குப் பெயர் பாஸிங். கோந்த்வாவில் இருக்கும் மகள் சஹானா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பாஸிங் ஆகலேன்னா ஸ்க்ராப்தான்பா. ப்ராமிஸ் பண்ணியிருக்கேள். தனியா அதுல எங்கதான் போறேள்?"

எங்கே போகிறார்? ஞாயிற்றுக்கிழமை தளேகாவ் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். மனைவி கிரிஜா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் இல்லை. வண்டியில் மட்டும் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன் பக்கத்து ஸீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லையே! இதை மகளிடம் எப்படிச் சொல்வது?

"சும்மாத்தான் போறேன்" என்றார்.

இண்டிகேட்டர் பார்ப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் உள்ளே ஸ்விட்சைப் போட வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பார்க்கிற வேலை கிரிஜாவுடையது. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "எரியறதுன்னா!" என்று அவள் போடுகிற சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். இப்போது அவரே ஸ்விட்சைப் போட்டு, பிரேக் விளக்கையும் சேர்த்துப் பார்க்க, பெடல் அழுந்தியபடி இருக்கக் குடையை ஸீட்டுக்கும் அதற்கும் நடுவே முட்டுக்கொடுத்து, இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். இடது விளக்கு அழுது வடிந்தது. பல்பை மாற்றினார். ஃப்யூஸைச் சுரண்டினார். விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃபிளாஷரைப் புதிதாகப் போட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஸ்விட்சைக்கூடக் கழற்றி மாட்டினார். எர்த்தை மட்டும் தொடவில்லை.

தெரியாமலா? அந்த விளக்குக்கு எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வழி, அதை வண்டியின் தகட்டோடு பிடித்திருக்கும் திருகாணிதான். திருகாணியின் தலையில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. கிரிஜா கடைசி ஆயுத பூஜையில் வைத்தது. பொட்டு வைக்க அதுதான் வாகான இடம் என்பாள். மற்ற வருஷமெல்லாம் மறுநாள் ஈரத்துணியால் அவளே துடைத்துவிடுவாள். அந்த வருஷம் அவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை, தீபாவளிக்குள் போய்விட்டாள். இவருக்கோ துடைக்க மனசில்லை. மழை படக்கூடாதென்று வண்டிக்குக் கவர் வாங்கிப் போர்த்தினார். பாழாய்ப்போன கவர்! அதற்குள் புழுங்கிய ஈரமெல்லாம் சந்தனத்தில் ஊறி, திருகாணியைத் துரு தின்றுவிட்டது. பொட்டைக் காப்பாற்றப் போய் விளக்கைக் கெடுத்தவர் அவரேதான்.

வெயில் இறங்கத் தொடங்கியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், வைத்தார். பொட்டு இருந்தால் வண்டி தேறாது. வண்டி போனால் பொட்டும் அதோடு போகும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற சங்கதிதான்; கைக்குப் புரிய வேண்டுமே.

கடைசியில் திருகினார். பொட்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையை ஏந்தினார், கொஞ்சம் விழுந்தது, மிச்சத்தைக் காற்று கொண்டுபோயிற்று. அழுகை வந்தது, அழுதார். யார் இருக்கிறார்கள் பார்க்க? பிறகு உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, தகடு பளபளவென்று தெரிந்ததும் திருகாணியை முடுக்கினார்.

உள்ளே போய் உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டார். டிக் டிக் என்று சீராகக் கேட்டது.

"கிரிஜா, எரியறதா?"

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. சொன்னபிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் கதவைத் திறந்து, இறங்கி, பின்னால் போய்ப் பார்த்தார். இடது விளக்கு குறையில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"எரியறது!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அந்த அம்மாள் தலையை நீட்டி, என்ன ஆயிற்று மாமா என்று மராத்தியில் விசாரித்தாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு, ஸ்விட்சை அணைக்க அவரே முன்பக்கம் நடந்தார்.