இரண்டு வாசலிலும் ரோகிணி

மாசி பிறந்தால் போதும், கொழும்பில் விரிவுரைக்கு நடுவிலும் என் காதில் மேளம் கேட்கத் தொடங்கிவிடும். மாத்தளைக்காரி அல்லவா! மாரியம்மன் தேர் என்றதும் பதினொரு வயதில் நான் ஓடிய ஓட்டம்தான் நினைவுக்கு வரும்.

அப்பாவைப் பிரிந்த அம்மா, நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்ட பின் வந்த முதல் தேர் அது. எங்கள் ஊரில் தேர் வரும் வழியெல்லாம் வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள். தேர் நின்றதும் அர்ச்சனைத் தட்டை நீட்டி, குடும்பத்தில் எல்லோருடைய நட்சத்திரத்தையும் சொல்ல வேண்டும். நான் எந்தத் தட்டில்? அப்பாவின் கடை வாசலிலா, அம்மாவோடு நான் குடிபோன சித்தப்பா வீட்டு வாசலிலா? எங்கே நிற்காவிட்டாலும் ஒரு முகம் வாடும்.

சித்தப்பாவின் மகளுக்கு, என் புதுத் தங்கச்சிக்கு, இது நல்ல வேடிக்கை. "நீ தேர் மேலயே ஏறிக்க அக்கா, ரெண்டு பக்கமும் கும்பிடுவாங்க!"

தேர் முதலில் கடைத்தெருவுக்குத்தான் வந்தது. அப்பாவின் பக்கத்தில் நின்றேன். தன் நட்சத்திரத்தைச் சொன்னார். பழக்கத்தில் அம்மாவுடையதற்கு வாயெடுத்து, நிறுத்தி, என்னுடையதைச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஓடு, அங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பலூன்காரரையெல்லாம் இடித்துக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னாலேயே தேரும் வந்து வீட்டு வாசலில் நின்றது. நட்சத்திரங்களைச் சொல்லிக்கொண்டே வந்த சித்தப்பா, என் முறை வந்ததும் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"சொல்லட்டுமா மகள்?"

தலையாட்டினேன்.

"ரோகிணி" என்றார்.

தேரிலிருந்து ஐயர் எட்டிப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கு இப்பத்தானே கடையில செஞ்சேன்?"

தங்கச்சி முந்திக்கொண்டாள். "பரவால்ல ஐயா, மேளச் சத்தத்துல அம்மனுக்குக் கேட்டிருக்காது!"

ஐயரே சிரித்துவிட்டார்.

தேருக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் அப்பா நின்றார். சித்தப்பாவின் கை என் தோளில் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

பிறகு கையை உயர்த்தி, மேளத்துக்கு மேலாகக் கத்தினார். "சாயந்தரம் ராட்டினத்துக்குப் போவோம். அந்த வாயாடியையும் கூட்டிக்கிட்டு வா!"

"ரெண்டு தடவ ஏத்துவீங்களா மாமா?" என்று வாயாடி பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தாள்.