முன்னாடி ஒரு சொட்டு கிடையாது

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் அட்டைக்காரர் என்று பேர். அட்டை விற்பவர் இல்லை, டிரைவர். பழைய ஜீப் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து, மாலையில் வண்டியை நிறுத்தியதும் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் அடியில் விரித்துவிடுவார். காலையில் வாயில் பிரஷ் இருக்கும்போதே அதை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எங்கே எண்ணெய் ஒழுகியிருக்கிறது, நேற்றைவிடக் கூடவா குறைவா என்று தெரிந்துகொள்ளத்தான்.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட இப்படி உத்துப் பார்க்கல இந்த மனுஷன்,” என்பாள் அக்கா.

“உனக்குக் காய்ச்சல்னா நீ வாயால சொல்லிடுவே. இந்த வண்டி சொல்லுமா?” என்பார் மாமா.

சின்ன வயதிலிருந்து அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டினார். சலவைக் கடை வேன், பள்ளிக்கூட வேன், கொஞ்ச காலம் ஒரு முதலாளியின் கார். வண்டி வழியில் நின்றால் முதலாளிக்கு ஃபோன் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்துகொள்வார். இப்போது ஃபோன் போட ஆளில்லை. ஓட்டும்போது ரேடியோ போடமாட்டார். வண்டியின் சத்தம் கேட்க வேண்டுமாம். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துபோய் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு வருவார்.

அந்த ஜீப்பை வாங்கியதே மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரி வேலைக்காகத்தான். டாக்டரம்மாவையும் நர்ஸையும் காலையில் மேலே கொண்டுபோய், மாலையில் கீழே கொண்டுவந்து விட வேண்டும். பாதி வழியில் ஒரு செம்மண் மேடு. மழை பெய்தால் மற்ற வண்டிகள் ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருப்பவருக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். நான் அங்கே தரை துடைக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் பேசாமல் போய்வருவேன்.

மேட்டடிக்கு வந்ததும் மாமா பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பியை இழுப்பார். அடியில் ஓர் உறுமல் கிளம்பும்.

“இப்போ பாருங்க, முன்சக்கரமும் இழுக்குது.”

“ஆமாண்ணே, நல்லாத் தெரியுது,” என்று நர்ஸ் கைப்பிடியை விடுவார். எனக்கும் தெரிந்தது. ஓரத்துக் கல்லில் ஒரு சக்கரத்தை ஏற்றி, பள்ளத்தை ஒதுக்கி, அவசரப்படாமல் மேலே கொண்டுபோய் விடுவார் மாமா.

மற்றதில் என்ன கவலை இருந்தாலும் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. “பின்னாடிதான் ஒழுகுது. முன்னாடி ஒரு சொட்டு கிடையாது,” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அட்டையைக் காட்டுவார்.

பெரிய மழைக்கு முன்னால் எண்ணெய் மாற்ற வேண்டுமென்று வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். கடைக்குப் போயிருந்த நானும் அக்காவும் வண்டியிலேயே வீடு திரும்பலாம் என்று பட்டறையில் காத்திருந்தோம். மெக்கானிக் முன் அச்சின் நடுவில் இருக்கிற இரும்பு உருண்டையைத் திறந்து விரலை விட்டார். விரலில் காய்ந்த கறைதான் வந்தது.

“அண்ணே, உள்ளே இருக்க வேண்டிய பெரிய பல்சக்கரமே இல்ல. யாரோ கழட்டிட்டு மூடியிருக்காங்க. முன்சக்கரம் சும்மா உருளுது, அவ்வளவுதான்.”

“கம்பியைப் போட்டா சத்தம் வருதேப்பா?”

“தண்டு சுத்தும், சத்தம் வரும். ஆனா இழுக்காது.”

“முன்னாடி ஒரு சொட்டுகூட ஒழுகலையே...”

“எண்ணெய்னு ஒண்ணு இருந்தாத்தானே ஒழுகும்!”

அக்கா சிரித்துவிட்டாள். மாமா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பல்சக்கரம் கிடைக்க நாளாகும் என்றார் மெக்கானிக்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: “இத்தனை நாள் ஏறிச்சுல்ல? அப்படியே ஏறட்டும். வாயைத் திறந்தீங்க, வேலை போயிடும்.”

“இவளும் அதுலதானே போறா,” என்று மாமா என்னைக் காட்டினார். அன்று அவர் அட்டை விரிக்கவில்லை.

மறுநாள் நல்ல மழை. மேட்டடியில் வண்டியை நிறுத்தினார். கை பழக்கத்தில் கம்பிமேல் போனது. எடுத்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். இது ஃபோர் வீல் இல்ல. எனக்கே நேத்துத்தான் தெரியும்.” மெக்கானிக் சொன்னதையெல்லாம் சொன்னார்.

“அப்போ இத்தனை நாள் எப்படி ஏறிச்சு?”

“கம்பி இருக்குங்கிற தைரியத்துல ஓட்டிட்டேன். இன்னிக்கு அது இல்ல. நீங்க இறங்கி நடந்து வந்துடுங்க. நான் காலி வண்டியை ஏத்திப் பார்க்கிறேன்.”

இறங்கினோம். பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்று, சேற்றை வாரி டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் அடித்தன. வண்டி வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தது. மறுபடியும் பார்த்தார். அதே கதைதான்.

“பின்னாடி பாரம் இல்ல, அதான் சக்கரம் பிடிக்கல,” என்றார் மாமா, எங்களைப் பார்க்காமல். ஏறுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நான் பெட்டியோடு ஏறி, பின்சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்தேன். நர்ஸ் என்னைப் பார்த்தார். “சரி, என் உடம்பும் ஒரு நாளைக்கு உபயோகப்படட்டும்,” என்று மூச்சு வாங்க ஏறி என்னை நெருக்கினார். டாக்டரம்மா கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, முன்சீட்டுக்குப் போகாமல் பின்னால் வந்து ஏறினார்.

மாமா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கியரைப் போட்டார்.

“அண்ணே, அந்தக் கம்பியையும் போடுங்க,” என்றார் நர்ஸ். “சத்தம் இல்லாட்டி எனக்குப் பயமா இருக்கு.”

உறுமலோடு ஏறினோம். ஓர் இடத்தில் வண்டி பக்கவாட்டில் நழுவியது. ஓரத்துக் கல்லைச் சக்கரம் பிடித்துக்கொண்டது.

மேலே போய் இறங்கும்போது டாக்டரம்மா சொன்னார்: “பல்சக்கரம் வர்ற வரைக்கும் ரொம்பக் கொட்டுற நாள்ல மேட்டடியோட விட்டுடுங்க, நடந்துக்கிறோம். மத்த நாள் எப்பவும் போல.”

“ஃபோர் வீல்னு சொல்லித்தானே வேலைக்கு வந்தேன்...”

“உங்களுக்கு அப்படிச் சொல்லி வித்தவரைத்தான் கேக்கணும்.”

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பல்சக்கரம் கிடைத்தது, மாட்டி எண்ணெய் ஊற்றினார்கள். மறுநாள் காலையில் வாசலில் மாமா கத்தினார்: “சீக்கிரம் வா! முன்னாடி ஒழுகுது!”

அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மாமா அட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். முன்பக்கத்தில் மிளகளவு ஒரு சொட்டு. வாயில் பிரஷோடு, நுரை வழிய, சிரித்துக்கொண்டு நின்றார்.