மாமா புகைத்த காதல் கதை

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், போர்டிக்சன் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வயது பத்து. கடிதம் வந்தாலும், மருந்து போத்தலில் ஏதாவது எழுதியிருந்தாலும் என்னைத்தான் தேடுவார்கள். என் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்ற கர்வம் வேறு. நான் சத்தமாகப் பாடம் படிக்கும்போது, பக்கத்தில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அக்காவும் எழுத்தைப் பிடித்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் பாத்திரம் துலக்கப் போன அக்கா, அந்த வீட்டம்மா தூக்கிப்போட்ட காதல் நாவல் ஒன்றை ஒருநாள் கொண்டுவந்தாள். அட்டைகூட இல்லை. அதன் பிறகு சாயங்காலமானால் பெண்கள் மரவள்ளிக்கிழங்கும் துருவியுமாக எங்கள் வாசலில் கூடிவிடுவார்கள். அக்கா படிப்பாள். காதலன் கப்பலேறிப் போனான், காதலி துறைமுகத்தில் காத்திருந்தாள். எதிர்வீட்டுச் சின்னம்மா துருவுவதையே மறந்துவிடுவார். அவர் புருஷனைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது; ஒரு தகவலும் இல்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை. வயிறெரிந்து, எங்களோடிருந்த தாய்மாமனிடம் போட்டுக்கொடுத்தேன்.

“காதல் கதையா? கட்டிக்கொடுக்க வேண்டிய பொண்ணு படிக்கிற படிப்பா இது?” என்று மாமா புத்தகத்தைப் பிடுங்கினார். அடுப்பில் போடுவார் என்று காத்திருந்தேன். தாளுக்குப் பஞ்சமான காலம். நாளுக்கொரு தாளில் புகையிலை சுற்றிப் புகைத்தார். கிழித்துக் கொடுப்பது என் வேலை. கடைசித் தாளைத்தான் முதலில் கிழித்தேன். படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அப்படியும் கூட்டம் கலையவில்லை. முழுக்கதையையும் முன்பே படித்திருந்த அக்கா வாயாலேயே சொன்னாள். ஒருநாள் கப்பல் வந்தது. காதலன் இறங்கினான்.

“இளைச்சிப் போயிருந்தானா?” என்றார் சின்னம்மா. “சொல்லுலா, அவள அடையாளம் தெரிஞ்சிச்சா?”

“தெரிஞ்சிச்சி சின்னம்மா. பார்த்ததும் சிரிச்சிட்டான்.”

“பொய்!” என்று கத்தினேன். “அவன் காய்ச்சல்ல செத்துட்டான்! கடைசித் தாள்ல இருக்கு, நானே படிச்சேன்!”

“அடப்பாவி, நீயும் படிச்சியாடா அந்தக் கருமத்த?” என்று உள்ளிருந்து மாமா குரல் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மா துருவியதும் துருவாததுமாகக் கிழங்கை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

அக்கா என்னை அடிக்கவில்லை. “அவன் சின்னப் பையன், சின்னம்மா. இன்னும் சரியா எழுத்துக்கூட்டத் தெரியாது” என்றாள், போகிறவர் முதுகைப் பார்த்து.

எனக்கா தெரியாது? அந்த அவமானத்தில் அன்று நான் சோறு வேண்டாமென்று படுத்துவிட்டேன். எதிர்வீட்டிலும் அடுப்புப் புகையவில்லை. அது ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.