கனகரத்தினம் பழகிய பட்டணம்

முருங்கனில் வயலும் மாடுமாக வாழ்ந்த கனகரத்தினம் அண்ணை, சென்னைக்கு வந்த புதிதில் ஆற்காடு ரோட்டைக் கடக்கப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அவர் இந்தப் பட்டணத்தை அளந்த திறத்தைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும், மறந்துபோவேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. வளசரவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் மன்னார்ப் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்திருந்தோம். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் எல்லாருக்கும் தொழில். சமையல் என்னுடையது. கனகரத்தினத்துக்குக் கனடாவில் மகன் இருந்தான்.

அப்போது முருங்கன் இயக்கப் பொடியளின் கையில் இருந்தது. அங்கிருந்து வெளியே போவதென்றால் பாஸ் எடுக்க வேண்டும், பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதுங்குகிற பங்கர்க் குழி வெட்ட விடுவார்கள். கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போவதாகச் சொல்லித்தான் கனகரத்தினம் வந்திருந்தார். கொழும்பில் கண்ணும் வெளித்தது, அங்கிருந்தே விமானமும் ஏறிவிட்டார்.

ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன்.

“ஆர் அண்ணை உங்களுக்குப் பிணை நிண்டது?”

“எங்கட வயலில வேலை செய்யிற அழகையாதான். மலைநாட்டில இருந்து வந்த சனம், நான் சொன்னால் தட்டமாட்டான்.”

“உங்கட தம்பி ஊரிலதானே இருக்கிறார்?”

“அவன் பிள்ளைகுட்டிக்காரனெல்லோ தங்கச்சி! கொஞ்சம் குழம்பு விடுங்கோ.”

அழகையாவுக்கும் மூன்று பிள்ளைகள். அதையும் அவரே பிறகொருநாள் சொன்னார், ஏதோ மாட்டுக்குக் கன்று எத்தனை என்பதைச் சொல்வதுபோல.

மனிதருக்குக் கண் தெரிந்தாலும் தெரிந்தது, பட்டணத்தை விட்டுவைக்கவில்லை. முதலில் வடபழனிக் கோயில் மட்டும் போனார். பிறகு பாரிமுனை, மெரீனா, மயிலாப்பூர்க் குளம். எந்த பஸ்ஸில் எந்த நேரத்தில் இருக்க இடம் கிடைக்கும், எந்தச் சாப்பாட்டுக் கடையில் இரண்டாம் தரமும் முகம் சுளிக்காமல் சாம்பார் ஊற்றுவார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆட்டோக்காரர்களோடு அவர்கள் பாஷையிலேயே சண்டை பிடிப்பார். எழும்பூர் ஸ்டேஷனுக்குள்ளும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். “பாலத்தில ஏறிப் பின்பக்கத்தால இறங்கினால் தங்கச்சி, சுத்தவே தேவையில்லை. நேரே பூந்தமல்லி ரோட்டில பஸ்!” என்று கோட்டை பிடித்தவர் மாதிரி வந்து சொன்னார்.

“அது சரி, ஊருக்கு எப்ப போறியள்?” என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். “போறன், போறன்” என்பார். எருமை மாட்டில் மழை பெய்ததுபோலத்தான்.

மாரி முடிந்த பிறகு ஒருநாள் காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். காலில் செருப்பில்லை. அழகையாவின் மனைவி பேச்சியம்மா. விடத்தல்தீவில் வள்ளம் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் அகதி முகாமில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் விலாசம் முருங்கனில் யாருக்குத்தான் தெரியாது! மெரீனாவில் எடுத்த படங்களையெல்லாம் அண்ணை ஊருக்கு அனுப்பியிருந்தாரே.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, அவரைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. சண்டை நடக்கிற பக்கம் பங்கர் வெட்டுறாராம். நீங்க ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டினா விட்டுர்றோம்னு சொன்னாங்க. உங்களைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தேன்.”

கனகரத்தினத்தின் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கலங்கியது. “நான் விடுவனே பேச்சி? நாளைக்கே போவம். இராமேஸ்வரத்துக்குப் போனால் வள்ளம் பிடிக்கலாம்” என்றார். எனக்கே அவர்மேல் இரக்கம் வந்து, வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் எழும்பூரில் ரயில் ஏறவென்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, அவள் பின்னால் போனாள்.

பின்னேரம் எங்கள் வீட்டுப் பொடியன் ஒருவன் வந்து சொன்னான். கனகரத்தினத்தை அண்ணாநகரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கண்டானாம், தனியாக.

அடுப்பை அணைத்துவிட்டு வழி கேட்டுக் கேட்டு எழும்பூருக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் ஒரு தூணோடு பேச்சியம்மா குந்தியிருந்தாள். மடியில் அவருடைய பை. சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் பக்கத்தில் கிடந்தது.

“அவர் எங்க பேச்சி?”

“டிக்கெட் எடுத்துட்டு வர்றேன், பையைப் பத்திரமா வெச்சுக்கன்னு சொன்னாரும்மா. அந்தப் பாலத்து மேல ஏறிப் போனாரு.”

பையைப் பிடுங்கித் திறந்தேன். பழைய பேப்பர்கள், மேலே அவர் உடுத்துக் கிழிந்த ஒரு சறம். நாசமாய்ப் போவான் என்று அந்த இடத்திலேயே மண் அள்ளித் தூற்றாத குறையாகத் திட்டினேன். சனம் நின்று பார்த்தது. பேச்சியம்மா மட்டும் அந்தப் பேப்பர்களை மெல்ல உள்ளே வைத்தாள்.

“எம் புருசனையே வெச்சுட்டுப் போனவரு, இந்தப் பைக்காகவா திரும்பி வருவாரு? ரெண்டாவது ரயிலு போனப்பவே தெரியும்மா.”

“பிறகேன் இங்கயே இருந்தனீ?”

“வழி தெரியலையே. பிள்ளைங்க மண்டபத்தில தனியா இருக்குதுங்க. எந்த ரயில்ல போறதும்மா?”

எனக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பட்டணம் முழுவதும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.