ரசமட்டம் வைத்த தளம்

கதவு நிலை வைப்பதில் என்னை மிஞ்ச ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் ஆள் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். என் பையில் எப்போதும் ரசமட்டம் இருக்கும். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நட்டநடுவில் வந்து நின்றால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

தச்சு வேலையோடு மரமும் விற்றேன். காசிமேட்டுப் படகுக்காரர்கள் எங்கள் பக்கம் வருவது அதற்காகத்தான். எங்கள் ஏரிகளில் நிற்கும் கருவேல மரங்களில் கிளைகள் தாமாகவே வளைந்திருக்கும். படகின் சட்டங்களுக்கு அந்த வளைவுதான் வேண்டும். தொண்ணூற்றொன்றில், மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு படகு முதலாளி வல்லம் வடகாலில் என்னிடம் மரம் எடுத்தார். லாரியில் ஏற்றும்போது, "நீங்களும் வாங்களேன், எங்க ஓடாவிக்கு ஒரு கை கொறையுது" என்றார். ஓடாவி என்றால் படகுத் தச்சர். வீட்டு வேலையை விடவா அது பெரிது என்ற நினைப்பில் கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கம். அந்த வருஷம் மே மாதம் அங்கே குண்டு வெடித்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் போதும், கேட்பவர் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பார். அதனால் காசிமேட்டில் விசாரித்தவர்களிடம் வாலாஜாபாத் பக்கம் என்று சொல்லி வைத்தேன். அங்கே நான் சொன்ன முதல் பொய் அது.

ஓடாவி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த படகின் மேல்தளத்தைப் பிரித்துக் காட்டினான். தளப்பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உளுத்துப் போயிருந்தன. திருப்புளியை வைத்து அழுத்தினால் வெந்த கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. முன்பக்கச் சட்டங்களை அவனே மாற்றிவிட்டான். ஓட்டுகிறவர் நிற்கும் அறைக்குப் பின்னால் நான்கு மட்டும் பாக்கி. அதற்குள் அவன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாக ஆள் வந்தது. தலைப்பிரசவம்.

கிளம்பும்போது வில் மாதிரி லேசாக வளைந்த ஒரு பலகையை என் கையில் கொடுத்தான்.

"அண்ணே, இத மேல வச்சி கோடு போட்டு அறுத்துருங்க. வேற எதையும் பாக்காதீங்க. மொதலாளி ஒங்கள நம்பித்தான் என்ன வுடறாரு."

"போய்ட்டு வா தம்பி. நா பாக்காத மரமா?" என்றேன்.

அவன் போனதும் ரசமட்டத்தை எடுத்தேன். பழைய சட்டங்களின் நடுப்பகுதி இரண்டு விரல் அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஊறி முதுகு வளைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். இந்தப் பையன் அந்தக் கோணலைப் பார்த்துப் பலகை செய்து, புதிய சட்டங்களையும் கோணலாகவே அறுத்திருக்கிறான், பாவம், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல என்று இரக்கப்பட வேறு செய்தேன். நான்கு சட்டங்களையும் நூல் பிடித்த மாதிரி நேராக அறுத்தேன். மட்டம் பார்த்து உட்காரவைக்க ஆப்பு தேவைப்பட்டது. அவன் கொடுத்த பலகையைத்தான் வெட்டி ஆப்பாக்கினேன். மேலே பலகை அடித்து, இடுக்கில் பஞ்சு திணித்து, தாரும் பூசி முடித்தேன். எங்கே வைத்துப் பார்த்தாலும் குமிழி நடுவில் நின்றது.

ஐந்தாம் நாள் காலையில் ஓடாவி லட்டுப் பெட்டியோடு வந்தான். "பொண்ணுண்ணே!" என்று முதல் லட்டை எனக்குத்தான் கொடுத்தான். நான் பாதி கடித்திருப்பேன், முதலாளி ஏறி வந்து தளத்தில் நான்கு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்.

முன்பக்கத்தில் கொட்டியது இரண்டு ஓரமும் வழிந்து ஓடிவிட்டது. பின்பக்கத்தில் கொட்டியது அப்படியே நின்றது. கடல் தண்ணீர் தளத்தில் தங்கக் கூடாது, தங்கினால் மரம் உளுக்கும், அதற்காகத்தான் நடுவில் அந்த மேடு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலாளி ஓடாவியின் பக்கம் திரும்பினார். "இன்னாடா இது, படகா கொளமா? பொண்டாட்டி கவலைல அளவ மாத்திக் குடுத்துட்டு ஓடிட்டியா?" பிறகு என்னைக் கேட்டார். "அளவு யாரு குடுத்தது?"

"தம்பி சொன்னபடிதான் செஞ்சேன்" என்றேன்.

வாயில் இன்னும் லட்டு இருந்தது. ஓடாவி கண்ணால் அந்தப் பலகையைத் தேடினான். ஓரத்தில் சிதறிக் கிடந்த ஆப்புகளைப் பார்த்தான். ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினான். நான் சொல்லிவிடுவேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன். நான் பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். "பிரிச்சித் திருப்பிப் போட்டுத் தரேன் மொதலாளி" என்றான். மத்தியானமே நான் பஸ் ஏறிவிட்டேன்.

தை மாதத்தில் முதலாளி மறுபடி மரத்துக்கு வந்தார். கூட வேறு ஓடாவி வந்திருந்தார். பழையவன் எங்கே என்று கேட்காமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன். அவரே சொன்னார்.

"அவன நிறுத்திட்டேன். அளவே தெரியாதவன வச்சிக்கினு கடலுக்குப் போவ முடியுமா? வேற படகுலயும் யாரும் சேக்கல. மூட்டை தூக்கிக்கினு கீறான்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். முழு உண்மை வேண்டாம், 'தப்பு என்னுது' என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "நீங்க வந்துருங்க. ஒங்க அறுப்பு சுத்தமா இருந்திச்சி. அவன் எடத்துல நீங்க நில்லுங்க" என்றார்.

"எனக்குப் படகு வேலை தெரியாதுங்க" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது. அவர் சிரித்து என் தோளைத் தட்டினார். புது ஓடாவியிடம் திரும்பி, "பாத்தியா, வேலை தெரிஞ்சவன் இப்டித்தான் அடக்கமா பேசுவான்" என்றார்.